தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை

கேப்டனின் படகு மூழ்கிய செய்தி நங்கூரத்தம்மாவுக்கு மகள் மூலமாகத்தான் வந்தது. நேராக வர வழியில்லை. பிள்ளைகளின் கல்யாணத்தன்றே சம்பந்திகள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"அம்மா, மாமாவோட படகு முங்கிப் போச்சு," என்றாள் மகள் போனில்.

"எங்க? நடுக்கடல்லயா?"

"இல்லம்மா. கட்டின இடத்துலயே."

"உள்ள யாரும் இல்லையே?"

"யாரும் இல்ல."

"அப்ப சிரிக்கலாம்," என்று சொல்லி நங்கூரத்தம்மா சிரித்தாள். முப்பது வருடம் சரக்குக் கப்பல் ஓட்டியவர் கேப்டன். ஓய்வு பெற்றபின் ஆசையாக ஒரு மரப்படகு வாங்கி, எஞ்சின் பொருத்தி, வாரம் தவறாமல் துடைத்து மினுக்கி வைத்திருந்தார். அது துறைமுகச் சுவரோரம், கட்டிய கயிறு கூட அவிழாமல், காலைக்குள் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

"சிரிக்காதம்மா. துறைமுக ஆபீஸ்ல வந்து சத்தம் போட்டுட்டுப் போயிருக்காங்க. பயணிகள் படகு திரும்பற இடமாம். சீக்கிரம் எடுக்கலைன்னா கிரேன் போட்டு உடைச்சு அள்ளிடுவாங்களாம். மாமா காலையிலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல."

"படகு தூக்கற இன்னொரு கம்பெனி இருக்கே?"

"அவங்க வெளியூர் வேலைக்குப் போயிருக்காங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்தத் துறைமுகத்தில் நீருக்கடியில் கிடப்பதை மேலே கொண்டுவர இரண்டே பேர்தான் இருந்தார்கள். அந்தக் கம்பெனி, பிறகு நங்கூரத்தம்மா. அவளுடையது, கணவரோடு சேர்ந்து தொடங்கிய தொழில். அவர் போனபின் அவளே முங்கினாள். மீன்பிடிப் படகுக்காரர்கள் தொலைத்த நங்கூரங்களைத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்ததில் நங்கூரத்தம்மா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பது தாண்டியும் மூச்சு வாங்காமல் ஏணி ஏறுவாள்.

கல்யாண விருந்தில்தான் வினை வந்தது. கேப்டன் தன் பழைய நண்பர்களிடம் அவளை அறிமுகம் செய்தபோது, "எங்க சம்பந்தியம்மா கடலுக்கடியில இரும்பு பொறுக்கறவங்க," என்றார். மேசை முழுவதும் சிரித்தது. அவள் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அவர் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனாலும், மற்றவர் வெளியே போயிருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் போவார்கள்.

"சம்பந்தம் வேற, தொழில் வேற. எடுத்துத் தர்றேன்னு சொல்லு," என்றாள் நங்கூரத்தம்மா.

மூழ்கிய படகைத் தூக்குவதற்கு முன் அதன் எடையைக் கணக்கிட வேண்டும். கரையில் உள்ள எடை அல்ல, தண்ணீருக்குள் உள்ள எடை. எந்தப் பொருளும் தண்ணீருக்குள் போனதும், தான் இடம் பிடித்துக்கொண்ட அளவு தண்ணீரின் எடையைத் தன் எடையிலிருந்து இழந்துவிடுகிறது. மரம் தண்ணீரைவிட லேசு. அதனால் முழுக மூழ்கிய படகில்கூட மரம் மேலே வரத்தான் பார்க்கும். அதைக் கீழே பிடித்து வைத்திருப்பது எஞ்சினும், இரும்புச் சாமான்களும், ஆணிகளும்தான். படகு மிதந்ததெல்லாம் அதன் வயிற்றுக்குள் இருந்த காற்றால். காற்றின் இடத்தில் தண்ணீர் வந்தபின் கனமானது எதுவோ அது வென்றுவிடுகிறது. ஆக, படகுக்குள் கனமாக என்னென்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

கேட்க வேண்டியவர் கேப்டன். கேட்டது மகளிடம். மகள் மாமனாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போனைக் காதில் வைத்து, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசினாள்.

"எஞ்சின் என்ன எடைன்னு கேளு."

மகள் கேட்டாள். சொன்னார். மகள் சொன்னாள்.

"சமையல் அறைன்னு ஒண்ணு முன்னாடி புதுசா கட்டினாராமே, அதுல என்ன இருக்கு?"

"அடுப்பு, பாத்திரம், அப்புறம் பெரிய தண்ணித் தொட்டி. நிறைய தண்ணி இருந்துச்சாம். அதுதான் ரொம்பக் கனம், அதைக் கணக்குல சேர்த்தாங்களான்னு மாமா கேக்கறாங்க."

"தண்ணிக்குள்ள தண்ணிக்கு எடை கிடையாதுன்னு சொல்லு."

மகள் அதை அப்படியே சொல்லாமல் கொஞ்சம் சர்க்கரை தடவிச் சொல்லியிருக்கலாம். அன்று அவளுக்கும் களைப்பு. சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டு வேறு. அப்படியே சொன்னாள்.

கேப்டனின் முகம் சிவந்தது. "நான் முப்பது வருஷம் கப்பல் ஓட்டினவன். எனக்குப் பாடம் நடத்தறாங்களா?"

"வேற ஏதாவது கனமா இருக்கான்னு அம்மா கேக்கறாங்க, மாமா."

"எல்லாம் தெரிஞ்சவங்களுக்கு நான் எதுக்குச் சொல்லணும்? ஒண்ணும் இல்லைன்னு சொல்லு."

மகள் சொன்னாள். நங்கூரத்தம்மா அதைக் கேட்டுக்கொண்டு, முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று நான்கு காற்றுப் பைகள் போதும் என்று முடிவு செய்தாள்.

வேலைக்குக் குறித்த நாளில் அவளுடைய கையாளுக்குக் காய்ச்சல். ஒத்திப்போட முடியாது. கடல் இரண்டு நாளில் கொந்தளிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். முங்குகிறவளின் காற்றுக் குழாயையும் உயிர்க்கயிற்றையும் கரையில் ஒருவர் பிடித்தாக வேண்டும். மகளுக்கு ஒரு கைதான். மருமகன் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தான்.

"என் படகு. நான் பிடிக்கறேன்னு சொல்லு," என்றார் கேப்டன். அவர் நின்ற இடத்திலிருந்து நங்கூரத்தம்மா நின்ற இடம் நான்கு எட்டுத் தூரம்தான்.

"ஒரு தடவை இழுத்தா நல்லா இருக்கேன். ரெண்டு தடவைன்னா கயிறு விடணும். மூணுன்னா மேல இழுக்கணும். திருப்பிச் சொல்லச் சொல்லு," என்றாள் அவள்.

கேப்டன் மகளைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பளபளக்கும் கறுப்பு ஷூ, அதன்மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். துறைமுகச் சுவருக்கு வரும்போதெல்லாம் அதை மாட்டிக்கொண்டுதான் வருவார். கரையிலேயே நிற்கிறவருக்கு அது எதற்கு என்று நங்கூரத்தம்மா மனதுக்குள் கேலி செய்துகொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

படகு மூன்று ஆள் ஆழத்தில் நேராக உட்கார்ந்திருந்தது. நீர் கலங்கல். கையை நீட்டினால் விரல் நுனி தெரியவில்லை. தடவித் தடவித்தான் வேலை. அகலமான வார்களைப் படகின் வயிற்றைச் சுற்றிக் கட்டி, அவற்றில் பைகளைப் பொருத்தினாள். அவ்வப்போது கயிற்றை ஒருமுறை இழுத்தாள். மேலிருந்து உடனே ஒருமுறை பதில் வந்தது. தாமதமில்லை, தடுமாற்றமில்லை. மனிதர் கயிறு நன்றாகத்தான் பிடிக்கிறார் என்று ஒப்புக்கொண்டாள்.

மேலே ஏறி வந்து கம்ப்ரசரின் வால்வுகளைத் திறந்தாள். பைகளுக்குக் காற்று போனது. சற்று நேரத்தில் தண்ணீர் குமிழியிட்டது. முன்பக்கப் பைகள் இரண்டும் மஞ்சளாக மேலே வந்தன. அவற்றின் பின்னாலேயே படகின் மூக்கு, பாசியும் சேறுமாக, வெளியே எட்டிப் பார்த்தது.

"வந்துடுச்சு!" என்று கேப்டனின் மனைவி கைதட்டினாள். தேநீர் பிளாஸ்க்கோடு ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள் அவள்.

பின்பக்கம் வரவில்லை. காற்று முழுக்க நிரம்பியும் அசையவில்லை. படகு சாய்வான பலகை போல மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

இப்படி நின்றால் முன்பக்கக் காற்றைத் திறந்துவிட்டு, படகை மறுபடி அடியில் உட்காரவைத்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். இது நங்கூரத்தம்மா தன் கையாளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த விதி. ஆனால் இறக்கினால் அரைநாள் வேலை பாழ். அதைவிட, கேப்டன் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்பக்க வார் எதிலாவது சிக்கியிருக்கும், ஒரு நிமிட வேலை என்று நினைத்து முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வார் எதிலும் சிக்கவில்லை. கை போன இடத்தில் படகின் பின்பகுதி பாதிக்குமேல் சேற்றில் புதைந்திருந்தது. இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிக்கும்போதே தலைக்குமேல் ஏதோ கிறீச்சிட்டது. படகு சாய்ந்து நின்றதால் முன்பக்க வார்கள் மெல்ல மெல்ல நழுவி மூக்கு வழியாகக் கழன்றுவிட்டன.

கரையில் நின்றவர்கள் கண்டது இது. பைகள் இரண்டும் பந்து போலத் துள்ளின. படகின் மூக்கு சட்டென்று மறைந்தது. அந்த இடத்தில் சேறும் குமிழியும் பொங்கின. கேப்டன் கயிற்றை ஒருமுறை இழுத்தார். பதில் இல்லை. மறுபடி இழுத்தார். கயிறு பாறையில் கட்டியது போல இருந்தது.

"மாமா, கயிற விடாதீங்க!" என்று மகள் கத்தினாள்.

அவர் விட்டுவிட்டார். ஷூவைக் கூடக் கழற்றாமல் குதித்தார்.

கீழே நங்கூரத்தம்மாவுக்கு அடிபடவில்லை. படகு அவள்மேல் விழவில்லை. குழாயின்மேலும் கயிற்றின்மேலும் விழுந்திருந்தது. காற்று இழுத்தாலும் வரவில்லை. அவள் முதுகில் இதற்கென்றே ஒரு சிறிய சிலிண்டர் உண்டு. அதைத் திறந்தாள். குழாயின் கொக்கியைக் கழற்றினாள், கயிற்றின் கொக்கியைக் கழற்றினாள். கைகள் தாமாகச் செய்தன. பயம் அவளுக்கு எப்போதும் பின்னால்தான் வரும், கரையில் ஈரத்துணி மாற்றும்போது. மேலே ஏற ஏற நெஞ்சுக்குள் இருக்கும் காற்று விரியும், அடக்கினால் நுரையீரல் கிழியும். அதனால் மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக ஏறினாள்.

வெளிச்சம் தெரியத் தொடங்கியபோது தலைக்குமேல் இரண்டு கறுப்பு ஷூக்கள் உதைத்துக்கொண்டிருந்தன. அதற்கு மேலே ஆரஞ்சு நிறம். கேப்டன் தலையைத் தண்ணீருக்குள் முக்கி, கைகளால் அள்ளி அள்ளிக் கீழே போகப் பார்த்தார். ஜாக்கெட் விடவில்லை. ஒவ்வொரு முறையும் அவரைத் தக்கை மாதிரி மேலே தூக்கிப் போட்டது.

அவள் அவருக்குப் பக்கத்தில் எழுந்தாள்.

"என்ன பண்றீங்க?"

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

கேப்டன் வாயிலிருந்த உப்புத்தண்ணீரைத் துப்பினார். "உங்களைத்தான் தேடறேன்."

"ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டா?"

"கழட்டினா நான் திரும்பி வரமாட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது."

அவள் ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டையைப் பிடித்து, அவரை மல்லாக்கப் போட்டு, ஏணிவரை இழுத்துக்கொண்டு போனாள்.

கரையில் மகள் அழுதுகொண்டிருந்தாள். கேப்டனின் மனைவி கணவருக்கு ஒரு துண்டும், சம்பந்திக்கு ஒரு துண்டும் கொடுத்தாள். இருவருக்கும் தேநீர் ஊற்றினாள். நங்கூரத்தம்மாவுக்குப் பயம் இப்போதுதான் வந்தது. துண்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். அதைப் பார்த்த கேப்டன் வேறு பக்கம் பார்த்தார்.

"கயிற விட்டுட்டு யாராவது குதிப்பாங்களா?" என்றாள் அவள்.

"பதிலே வரலையே."

"வரலைன்னா பிடிச்சுக்கிட்டே இருக்கணும்."

"சும்மா நின்னுக்கிட்டு எப்படிங்க பிடிச்சுக்கிட்டே இருக்கறது?"

"தப்பு என் பேர்லயும் இருக்கு," என்றாள் அவள். "மூக்கை இறக்கிட்டுத்தான் நான் போயிருக்கணும். ஆனா பின்னாடி அந்தக் கனம் எனக்குப் பிடிபடல. கணக்குல எங்கயும் அது வரல."

கேப்டனின் மனைவி கணவரைப் பார்த்தாள். "அந்த சிமெண்டைச் சொன்னீங்களா, இல்லையா?"

கேப்டன் துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார்.

"எந்த சிமெண்ட்?" என்றாள் நங்கூரத்தம்மா.

"முன்னாடி சமையல் அறை கட்டினதும் படகு மூக்கைக் கவுத்துக்கிட்டு நின்னுச்சு. நேராக்கணும்னு பின்னாடி பலகைக்கு அடியில சிமெண்ட் கொட்டினார். மூட்டை மூட்டையா. ஆள் வச்சுக் கொட்டினார்," என்றாள் மனைவி.

நங்கூரத்தம்மா தம்ளரை வைத்தாள். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அம்மா எழுந்து போகவில்லை.

"ஏன் சொல்லல?"

"தண்ணிக்கு எடை கிடையாதுன்னு சொன்னீங்க. ஏதோ ஒண்ணாம் கிளாஸ் பையன்கிட்ட சொல்ற மாதிரி. எனக்குக் கோபம் வந்துடுச்சு."

"தொட்டிக்குள்ள தண்ணி, வெளியவும் தண்ணி. கடல் தண்ணியைவிட நல்ல தண்ணி ஒரு துளி லேசு வேற. அது மிதக்கத்தான் பாக்கும். சிமெண்ட் அப்படியா? தண்ணிக்குள்ள பாதிக்குமேல கனம் அப்படியே நிக்கும்."

"அது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"ஆமா. சொல்லல," என்றார் கேப்டன். அவர் குரல் இறங்கிவிட்டது. "அதால உங்க உயிரே போயிருக்கும். நான் வேற என்ன சொல்றது?"

அவள் அவரைப் பார்த்தாள். சட்டை உடம்போடு ஒட்டி, ஷூவிலிருந்து தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு விருந்துல ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"இரும்பு பொறுக்கறவங்கன்னு."

கேப்டன் உண்மையிலேயே திகைத்தார். "அதுக்கா எழுந்து போனீங்க? சாப்பாடு பிடிக்கலைன்னுல்ல நினைச்சேன்! நான் பெருமையாத்தான் சொன்னேன். நான் கடல் மேலேயே இருந்துட்டு ஒரு தடவை கூட உள்ள எட்டிப் பாக்காதவன். நீங்க அடி வரைக்கும் போறவங்க."

"பெருமைன்னா அதைப் பெருமையா சொல்லணும்."

"எனக்கு அப்படிச் சொல்ல வராது," என்றார்.

"வரலைன்னு எல்லாருக்கும் தெரியுது," என்றாள் அவர் மனைவி, காலி தம்ளர்களை வாங்கிக்கொண்டே.

மறுநாள் காலையில் அவர்கள் மறுபடி தொடங்கினார்கள். இம்முறை மகளுக்கு வேலையில்லை. சம்பந்திகள் இருவரும் சுவரோரம் உட்கார்ந்து சிமெண்ட்டைப் பற்றி விவாதித்தார்கள். எவ்வளவு அகலம், எவ்வளவு கனம், எந்தப் பலகைக்குக் கீழே என்று கேப்டன் கையால் அளந்து காட்டினார். அவள் கேட்டதற்கு மேலேயே சொன்னார். பின்பக்கத்துக்கு இன்னும் மூன்று பைகள் என்று முடிவாயிற்று. வார்கள் நழுவாமல் இருக்க முன்னும் பின்னும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்ட வேண்டும் என்றாள் அவள். அதற்கு எந்த முடிச்சு என்பதில் கேப்டன் பிடிவாதம் பிடித்தார். அவர் சொன்னது அவளுடையதைவிட நல்ல முடிச்சு. எடுத்துக்கொண்டாள்.

சேறு ஒரு தனிப் பிரச்சினை. மூழ்கிய பொருளின் அடியில் தண்ணீர் புகுந்தால்தான் கீழிருந்து தள்ளும். சேறு ஒட்டிப் பிடித்துக்கொண்டால் அந்தத் தள்ளு இல்லை. கூடுதல் காற்றை அடைத்து முரட்டுத்தனமாகப் பிடுங்கினால், விடுபடும் கணத்தில் படகு அம்பு போலக் கிளம்பி வந்து கவிழும். அதனால் அவள் கீழே போய்ப் பின்பக்கத்தின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கரைத்தாள். கயிறு கேப்டன் கையில். ஒருமுறை, ஒருமுறை, ஒருமுறை. அவள் மேலே ஏறிய பிறகுதான் வால்வைத் திறந்தார்கள்.

முதலில் பின்பக்கம் அசைந்தது. குப்பென்று சேறு கலங்கியது. பிறகு முன்பக்கம். படகு அவசரமில்லாமல், தூங்கி எழுந்த மாதிரி மேலே வந்தது. விளிம்பு தண்ணீருக்கு மேலே வரும்வரை அவள் யாரையும் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைத் தொடவிடவில்லை. விளிம்பு முங்கியிருக்கும்போது இறைத்தால் கடலையே இறைக்க வேண்டியதுதான். வெளியே போனது உடனே உள்ளே வரும். ஒரு கை உயரத்துக்கு விளிம்பு தெரிந்ததும் இரண்டு பம்புகளை ஓடவிட்டார்கள். உள்ளே தண்ணீர் குறையக் குறைய, காற்று தன் பழைய இடத்துக்கு வந்தது. மதியத்துக்குள் பைகள் தொளதொளவென்று தொங்கின. படகு தானாக நின்றது.

மூழ்கிய காரணமும் அப்போது தெரிந்தது. முன்னால் சமையல் அறைக் கனம், அதைச் சரிக்கட்டப் பின்னால் சிமெண்ட் கனம். படகு நேராகத்தான் நின்றது. ஆனால் மொத்தமாக ஒரு சாண் தாழ்ந்துவிட்டது. தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டிய எஞ்சின் புகைக்குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிட்டது. பயணிகள் படகு போகும்போதெல்லாம் எழும் அலை அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியிருக்கிறது. ஒவ்வொரு வாளித் தண்ணீரும் படகை இன்னும் கொஞ்சம் இறக்க, அது இன்னும் அதிகமாகக் குடித்திருக்கிறது.

"ஆக, நானே முக்கியிருக்கேன்," என்றார் கேப்டன்.

"பாதி. மீதி அந்த அடுப்பு," என்றாள் நங்கூரத்தம்மா.

"அடுப்பு நான் கேக்கல," என்றாள் அவர் மனைவி. "எனக்கு வீட்டுல சமைக்கறதே போதும்."

படகைக் கரையேற்றி, ஆள் வைத்து சிமெண்ட்டைக் கொத்தி எடுத்தார்கள். சமையல் அறையையும் கழற்றினார்கள். எஞ்சினைப் பிரித்து, கழுவி, எண்ணெய் மாற்றிப் பூட்ட வெகு நாளாயிற்று. மறுபடி தண்ணீரில் இறக்கிய அன்று படகு பழைய உயரத்தில், புகைக்குழாய் வாய் நன்றாக மேலே தெரிய நின்றது. வெள்ளோட்டத்துக்குக் கேப்டன் சம்பந்தியம்மாவை அழைத்தார். நேராகப் போன் செய்துதான் அழைத்தார். மகளுக்கும் கேப்டனின் மனைவிக்கும் கரையிலேயே இருக்கத்தான் விருப்பம்.

துறைமுக வாயில்வரை எல்லாம் நன்றாக இருந்தது. கேப்டன் பழைய புயல்களைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினார். வாயிலைத் தாண்டியதும் படகு ஆடத் தொடங்கியது. பெரிய ஆட்டமில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் சத்தமே இல்லாததைக் கவனித்துத் திரும்பினார். நங்கூரத்தம்மா விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. வாந்தி எடுத்து முடித்துவிட்டு வாயைத் துடைத்தாள்.

"உள்ள போனா ஒண்ணும் இல்ல. மேல இருந்தாத்தான் இப்படி," என்றாள். "என் வீட்டுக்காரர் தவிர யாருக்கும் தெரியாது."

கேப்டனின் உதடு ஒருமுறை அசைந்தது. வந்த சொல்லை விழுங்கிக்கொண்டார். சுக்கானைத் திருப்பினார். குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். துறைமுகத்துக்குள் வரும்வரை எதிர்க்காற்றைப் பற்றி மட்டும் பேசினார்.

சுவரோரம் கயிறு வீசியபோது அவர் மனைவி கேட்டாள்: "என்ன, போனதும் வந்துட்டீங்க?"

"எஞ்சின் சூடாயிடுச்சு," என்றார் கேப்டன்.